நான் துவைத்த சுரங்கம்

ஈரச் சட்டையைச் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆறு மாதக் குழந்தையின் சட்டை. இடுப்பில் என் மகள் மலர், மேலே துணியில்லாமல் வீரிட்டு அழுகிறாள். சட்டையிலிருந்து தண்ணீர் என் முழங்கை வழியே சொட்டுகிறது.

சட்டைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் மாங்கனீசுச் சுரங்கத்தின் மானேஜர். இன்னொருவர் அங்கே சர்வேயராக இருந்த என் வீட்டுக்காரர் தங்கவேலு.

வெயில் ஈரத்துணி வழியாக இறங்கியது. முதுகுப்பக்கத் துணியில் சாம்பல் நிறக் கோடு ஒன்று மெல்ல எழுந்து வந்தது. காலையில் கடல்மேல் மூடுபனி விலகும்போது தோணி தெரியுமே, அப்படி.

அந்தக் கோடு எங்கே போய் முடிகிறது என்பதில்தான் பூமிக்கடியில் வேலை செய்த ஒன்பது பேரின் உயிர் இருந்தது. தினமும் அவர்களோடு இறங்கும் என் வீட்டுக்காரரையும் சேர்த்தால் பத்து.

கடலை விட்டுக் கடலுக்கு

கொச்சியில் வேளி வண்ணார் துறையில் நாங்கள் துணி துவைத்த கதையை இந்தத் தொடரில் போன வாரங்களில் படித்த ஒரு வாசகி, "மட்டாஞ்சேரிக்காரி சுரங்கத்துக்கு எப்படிப் போனீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். வேறெப்படிப் போவேன்? கழுத்தை நீட்டித்தான்.

தங்கவேலு சேலத்துக்காரர். அவர் வேலை பார்த்த இடம் நாகபுரியிலிருந்து பஸ்ஸில் போக வேண்டிய ஒரு சின்ன மலை. கல்யாணமான கையோடு ரயிலேறினோம். கொச்சிக் காயலின் உப்பு வாசனை என் புடவையில் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். இவர் சமாதானம் சொல்லத் தெரியாமல் பாறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"அழாதே. அங்கயும் கடல்தான்."

"மலைன்னு சொன்னீங்க?"

"இப்ப மலை. மனுஷனே இல்லாத காலத்துல கடல். அதோட அடியில படிஞ்ச கறுப்புச் சேறுதான் நாங்க வெட்டற மாங்கனீசு."

முதலிரவில் யாராவது இப்படிப் பேசுவார்களா? ஆனால் எனக்கு அழுகை நின்றுவிட்டது. ரயில் ஆட ஆட அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தச் சேற்றின்மேல் மணல் படிந்ததாம், களிமண் படிந்ததாம். எல்லாம் சேர்ந்து ஆழத்தில் புதைந்து வெந்து பாறையானதாம். பிறகு பூமி அந்தப் படுகையை நெருக்கி மடித்து, கிட்டத்தட்ட நட்டுக்குத்தலாக நிறுத்திவிட்டதாம்.

"புரியுதா?"

"விரிப்பைக் கயித்துல காயப் போட்ட மாதிரி."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. எங்களுக்குள் அன்பு தொடங்கிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கறுப்பு மலை

மலை உண்மையிலேயே கறுப்பு. உச்சியில் ஒரு நீளக் கறுப்பு வரப்பு துருத்திக்கொண்டிருக்கும். அதை ஒட்டிய பாறையில் எள்ளளவு எள்ளளவாகச் செம்மணிகள் பதிந்திருக்கும். அந்தப் பாறைக்குப் படித்தவர்கள் வைத்த பெயர் அங்கே வாழும் கோண்டு மக்களின் பெயரிலிருந்து வந்தது. மலையைப் பற்றி அந்த மக்களுக்குத்தான் முதலில் தெரியும். சுத்தியலோடு வந்த வெள்ளைக்காரன் பிற்பாடு தெரிந்துகொண்டான்.

முதலில் மேலே தெரிந்ததைக் கூடையில் வாரினார்கள். குழி ஆழமானதும், படுகை சரிந்த பக்கமே சரிவாகச் சுரங்கப் பாதை போட்டு இறங்கினார்கள். கீழே நூறடிக்கு ஒன்றாகப் பக்கவாட்டில் குடைந்த நடைபாதைகளுக்கு லெவல் என்று பேர். எஃகுக்கு மாங்கனீசு வேண்டும். எங்கோ சண்டை வந்தால் கல்லுக்குக் கிராக்கி வரும், மலையில் ஆள் நிறையும். சண்டை ஓய்ந்தால் போட்டது போட்டபடி போய்விடுவார்கள். காலி லெவலில் மழைத்தண்ணீர் நிறையும்.

நான் ஒருநாளும் உள்ளே இறங்கியதில்லை. பெண்கள் பூமிக்கடியில் போகக்கூடாது என்பது அன்றைய சட்டம். எனக்குச் சுரங்கம் என்றால் மத்தியானம் வெடி வைக்கும்போது அலமாரித் தம்ளர்கள் கிலுகிலுப்பதுதான். தொட்டிலில் மலர் அதைக் கேட்டுத் தூக்கத்திலேயே சிரிப்பாள். நானும் பாயில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொள்வேன். தரைக்குக் கீழே அந்தப் பழைய கடல் புரண்டு படுப்பதாகத் தோன்றும்.

இன்னொன்று, இவருடைய காக்கிச் சட்டை. மாங்கனீசுக் கறை சோப்புக்கெல்லாம் மசியாது. வண்ணார் வீட்டுப் பெண்ணிடமே சவாலா? எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். காலனிப் பெண்கள் என் கொடியைப் பார்க்கவே வருவார்கள்.

நீலத்துணி

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்துச் சுரங்க வரைபடங்களைக் காகிதத்தில் போடமாட்டார்கள். மெல்லிய பருத்தித் துணியில் கஞ்சியை ஏற்றி, தேய்த்துப் பளபளப்பாக்கிய நீலத்துணியில் போடுவார்கள். விறைப்பாக, கண்ணாடி மாதிரி இருக்கும். ஊறவைத்து அலசினால் கஞ்சியெல்லாம் கரைந்து, உள்ளேயிருந்து பூப்போல வெள்ளைத்துணி வரும். கடையில் அப்படியொரு துணி கிடைக்காது.

அதனால் காலனியில் ஒரு வழக்கம் இருந்தது. தசராவுக்கு ஆபீஸ் அலமாரியைச் சுத்தம் செய்வார்கள். நகல் எடுத்து முடித்த பழைய வரைபடங்களின் மூலையில் 'ரத்து' என்று முத்திரை குத்தி, வராந்தாவில் குவித்துவைப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு முதல் உரிமை. பிறந்த குழந்தைக்குப் பழந்துணிதானே போட வேண்டும்? எங்கள் காலனிப் பிள்ளைகள் எல்லாம் சுரங்கத்தை உடுத்துக்கொண்டுதான் வளர்ந்தார்கள்.

எட்டு மாத வயிற்றோடு நானும் போனேன். குவியலில் மேலாக இருந்த ஒன்றைத் தொட்டதுமே விரலுக்குத் தெரிந்துவிட்டது, இழை அத்தனை நயம். முத்திரை இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை.

தொட்டியில் ஊறவைத்தேன். கஞ்சி பால்போலக் கலங்கிப் பிரிந்தது. மையும் கூடவே போனது. போகும்போது ஒரு நீளக்கோடு கண்ணில் பட்டது. நுனியில் தூண்டில்முள் மாதிரி வளைந்த கோடு. வேளியில் யார் வீட்டுத் துணி என்று அடையாளத்துக்குப் போடும் குறிகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஒரு குறியைப் பார்த்தால் மறக்காது.

முதுகுக்கு ஒரு துண்டு, முன்பக்கம் இரண்டு, கைகள் இரண்டு என்று வெட்டிச் சட்டை தைத்தேன். மிச்சத்தில் ஒரு துண்டை, பின்னால் மலருக்குக் கேழ்வரகுப் பால் வடிகட்ட வைத்துக்கொண்டேன்.

பழைய தண்ணீர்

மலருக்கு ஆறாவது மாதம். ஒருநாள் இவர் சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"கெழக்கு லெவல்ல முகப்பு வேர்க்குது" என்றார். முகப்பு என்றால், குடைந்துகொண்டே போகும் பாதையின் கடைசிச் சுவர்.

"பாறை வேர்க்குமா?"

"தண்ணி கசியுது. துளை போடற புத்ராம் மோந்து பாத்துட்டு, இது பழைய தண்ணி, எங்கயோ தேங்கிக் கெடந்ததுன்னு சொல்றான். கெழக்கால பழைய லெவல் எதுவும் கெடையாது. வரைபடத்துல நானே பாத்தேன்."

"மலைக்கு அந்தப் பக்கம் பழைய குழி ஒண்ணு இருக்கே?"

"அது வெறும் குழி. அதுலேர்ந்து உள்ள யாரும் குடையல. குடைஞ்சிருந்தா வரைபடம் இருக்கணுமே."

அவ்வளவுதான். தூண்டில்முள் கண்முன் வந்து நின்றது. கோட்டின் அந்தப் பக்க முனையில் ஒரு சின்ன வட்டம் இருந்ததும் நினைவுக்கு வந்தது. வட்டம் என்றால் குழி. அது இவருடைய மனைவியாக இருந்தே கற்றுக்கொண்டது.

"இருந்துச்சு" என்றேன். "நான் தொவைச்சிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையில் தவழ முயன்றுகொண்டிருந்த மலரைப் பார்த்தார். அவள் உடம்பில் அந்தச் சட்டைதான் இருந்தது.

துணி சுருங்கும்

துவைத்த துணியில் குறி மங்கிப்போனால் நாங்கள் என்ன செய்வோம்? நனைத்து வெயிலுக்கு எதிரே பிடிப்போம். உலர்ந்த துணியில் தெரியாதது ஈரத்துணியில் தெரியும். அப்படித்தான் ஆபீஸ் முற்றத்தில் குழந்தையின் சட்டையை உரித்து நனைத்துப் பிடித்தேன். தொடக்கத்தில் சொன்ன காட்சி இதுதான்.

வட்டம் சட்டையின் இடப்பக்கம், கோடு முதுகை அறுத்துக்கொண்டு வலது அக்குள்வரை. தூண்டில்முள் நுனி கேழ்வரகு வடிகட்டியில். இரண்டையும் மேசைமேல் சேர்த்துவைத்தோம். மானேஜர் தெலுங்குக்காரர், சென்னையில் படித்தவர். நன்றாகவே தமிழ் பேசுவார்.

"இதை யாரும்மா வெட்டினது?"

"நான்தான் சார். நான்தான் எடுத்தேன், நான்தான் வெட்டினேன்."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மானேஜர் மேற்கொண்டு கேட்கவில்லை. "அளந்து பாரு தங்கவேலு" என்றார். இவர் அளவுகோலை வைத்தார். அந்த ஆபீசில் பழைய வரைபடங்கள் எல்லாம் ஒரே அளவு, ஓர் அங்குலம் நூறடி. குழியிலிருந்து நுனிவரை பதினொன்றரை அங்குலம். இங்கிருந்து நம்முடைய லெவல், அங்கிருந்து பழைய லெவல். கூட்டிக் கழித்துவிட்டு இவர் பெருமூச்சு விட்டார்.

"நடுவுல எம்பது அடி பாறை இருக்கு சார். பயமில்ல."

இருவர் முகத்திலும் ரத்தம் திரும்பியது. நான் மட்டும் துணியின் கரையைத் தடவிப் பார்த்தேன்.

"துணி சுருங்கியிருக்குமே" என்றேன்.

"என்னது?"

"முதல் தண்ணியில துணி சுருங்கும். நெசவுல பாவு, அதான் நீளவாட்டு நூல், ஓடற பக்கமா அதிகமாச் சுருங்கும். கோடு பாவு பக்கமாத்தான் ஓடுது, கரையைப் பாருங்க."

"சட்டை சுருங்கறதுக்கும் சொரங்கத்துக்கும் என்னம்மா?" என்றார் இவர், கோபமாக.

"கோடு இதைவிட நீளமா இருந்திருக்கும். அப்படின்னா அந்த லெவல் உங்க பக்கம் இன்னும் கிட்ட வந்திருக்கும்."

நம்ப மாட்டார்களே! முத்திரை குத்திய பழைய நீலத்துணி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பாவு வாக்கில் சரியாக ஓரடி அளந்து வெட்டினேன். முற்றத்துக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து அலசிப் பிழிந்து, வெயிலில் சுட்ட கல்மேல் விரித்தேன். குழந்தை அழுது ஓய்ந்து என் தோளில் தூங்கிப்போனாள். இரண்டு ஆண்களும் ஒரு கைக்குட்டை காய்வதற்காகக் காத்து நின்றார்கள்.

காய்ந்ததை மானேஜரே அளந்தார். பதினொன்றரை அங்குலம்.

துணியில் அரை அங்குலம், பாறையில் ஐம்பதடி. மிச்சம் இருந்தது எண்பதடி இல்லை, முப்பதடி. அன்றாடம் வெடி வைத்துப் போகும் வேகத்துக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. அதற்கு முன்பே தண்ணீரின் கனம் பாறையை உடைத்திருக்கும்.

மானேஜர் ஓடினார். வாழ்க்கையில் அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

பதினோரு நாள்

வெடியை நிறுத்திவிட்டு, முகப்பில் மெல்லிய நீளத்துளை ஒன்று போட்டார்கள். இருபத்தேழாவது அடியில் கம்பியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பீறிட்டது. பதினோரு நாள் வழிந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மலையடிவாரத்தில் பம்பு இறைத்துவிடும் ஓடையருகே மலரோடு போய் உட்காருவேன். முதலில் மையாகக் கறுத்து வந்தது. பிறகு தெளிந்தது. கையை விட்டால் எலும்பு சில்லிடும். எத்தனை வருஷம் இருட்டில் கிடந்த தண்ணீரோ! வெளிச்சம் பட்டதும் கண் கூசுவதுபோல மினுமினுத்தது. மலர் அதைப் பிடிக்கக் கை நீட்டினாள். அந்தப் பகல்கள் எனக்குக் கனவில் கண்டவைபோலத்தான் இருக்கின்றன.

சட்டையைக் குழந்தைக்குத் திருப்பித் தரவில்லை. வரைபட எண் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைச் சட்டைக்கு எண் போட்ட ஆபீஸ் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் இவருக்கு வரவேண்டிய தலைமைச் சர்வேயர் வேலை வரவில்லை. இவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போனார்கள். இவர் மட்டும் அதே நாற்காலி. என்னால்தான் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து இவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. வேளியில் என் வாய்க்குப் பயந்து எதிர்ச்சாரியில் நடந்தவர்கள் உண்டு. அந்த வாயைத்தான் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கட்டிவைத்தேன்.

வாசித்துக் காட்டியபோது

இதுவரை எழுதிவிட்டு, நேற்று காலை மலருக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு மலையாளம் வாசிக்கிற வேகத்தில் தமிழ் வராது. திருப்பூணித்துறையிலிருந்து மட்டாஞ்சேரிக்கு எங்களிடம் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழாம் மாதம். சுரங்கத்தை மூடியபோது இவர் கொண்டுவந்த அந்தச் சட்டை பெட்டியில் இருக்கிறதே, அதைத்தான் தன் பிள்ளைக்கு முதலில் போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதனால்தான் இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்தேன்.

வெளியே மழை மூட்டம். சுக்குக் கிட்டங்கியிலிருந்து காரவாசனை வந்துகொண்டிருந்தது. இவர் மூன்று பேருக்கும் சாயா போட்டு எடுத்துவந்தார். "நான்தான் எடுத்தேன், நான்தான் வெட்டினேன்" என்ற இடத்தை நான் வாசித்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அத எழுதாதே" என்றார்.

"ஏன்? நடந்ததுதானே?"

"இல்ல." தட்டைக் கீழே வைத்தார். சாயா சிந்தியிருந்தது. "அந்தத் துணிய அலமாரியிலேர்ந்து எடுத்துக் குவியல் மேல வச்சது நான். அதுல முத்திரை இல்ல. நகல் எடுத்தாச்சான்னு அப்புறம் பாக்கலாம்னு நெனச்சேன். துணி நல்ல நயமா இருந்துச்சு. நீ வருவேன்னு தெரியும்."

மலர்தான் கேட்டாள். "அப்பா, அன்னைக்கே பறஞ்சா என்ன?"

"சாயங்காலமே மானேஜர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன். அதனாலதான் எனக்கு வேலை உயரல. அவர் செஞ்சது சரிதான். அவர்கிட்ட சொல்ல முடிஞ்சுது. உங்கம்மாகிட்டதான் முடியல."

"ஏன்?" என்றேன்.

"நீ என்னைப் பெரிய ஆளா நெனச்சிட்டிருந்தே ருக்கு. ரயில்லேர்ந்தே."

எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட வேகமாகக் கோபம் வந்தது. எத்தனை நாள் தூக்கத்தில் அந்தக் கோட்டைப் பார்த்து விழித்திருப்பேன்! மனுஷன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, "என்ன, கனவா?" என்று கேட்டு முதுகைத் தடவிக் கொடுத்தாரே!

மலர் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து சட்டையை எடுத்துவந்தாள். மஞ்சளேறிப் போயிருந்தது. வயிற்றின்மேல் வைத்து நீவிப் பார்த்தாள். அந்தச் சுரங்கம் முழுக்க இப்போது தண்ணீர். கடல் தன் இடத்துக்கே திரும்பிவிட்டது. சுரங்கத்துக்கு மிச்சமிருக்கும் பழைய அடையாளம் அவள் கையில் இருந்தது.

நான் சுற்றிலும் பார்த்தேன். கட்டிலின்மேல் இவருடைய ஈரத்துண்டு கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் போடுவார். அந்தச் சட்டை நாளிலிருந்து நான் வாயைத் திறக்காமல் எடுத்துக் காயப் போடுவேன்.

"ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றேன். இத்தனை வருஷமாக நான் சொன்னதே இல்லை. ஆனாலும் அப்படித்தான் வந்தது. வந்தது நிற்கவில்லை. துண்டு, செருப்பு, மூடாத சர்க்கரை டப்பா, சேலத்து மாமியார் மலரின் காதுகுத்துக்கு வராமல் போனது. என் குரல் தெருமுனைவரை கேட்டிருக்கும். எதிர்வீட்டுச் சேட்டன் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கேட்டார். மழையில் நனைய ஆசைப்பட்டவர் மாதிரி நின்றார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெல்ல நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார்.

"இல்ல" என்றேன். "சாயா ஆறுது. உட்காருங்க."